பிறந்த இடம்: ஜக்மெல்

கண்காட்சி தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதுதான் நதேஜ் பொசில் அந்த அட்டையைப் படித்தாள். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தது. மேலே அவள் பெயர். அதற்குக் கீழே, "1985, ஜக்மெல், ஹைத்தி." அதற்கும் கீழே, "மான்ட்ரியலில் வசிக்கிறார்." மூன்றே வரிகள். நடு வரி தப்பு.

அவள் பிறந்தது கனடாவில், மான்ட்ரியலில்தான். ஜக்மெல் அவள் அம்மாவின் ஊர். ஒன்பது வயதில் ஒரே ஒருமுறை அங்கே போய் இருபத்திரண்டு நாள் இருந்திருக்கிறாள். அதிலும் ஆறு நாள் வயிறு சரியில்லாமல் படுத்துக் கிடந்தாள். அவள் வரைந்த பதினான்கு படங்களிலும் ஜக்மெல்தான் இருந்தது: மர வேலைப்பாடு செய்த பால்கனிகள், இரும்புத் தூண் சந்தை, தலையில் வாளியோடு படியேறும் பெண்கள். எல்லாம் அம்மாவும் சித்திகளும் டெலிபோனில் மணிக்கணக்காகப் பேசியதைக் காதில் வாங்கி வாங்கி அவள் கட்டிக்கொண்ட ஊர்.

தப்பு எங்கே நேர்ந்தது என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. இந்த ஓவியக் காலரியை நடத்தும் ஓடில் ஷார்போனோ வசந்த காலத்தில் அவளுடைய வேலை அறைக்கு வந்திருந்தாள். படங்களைப் பார்த்துக்கொண்டே, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டாள். நதேஜ், ஜக்மெல் என்றாள். அது பொய் சொல்லும் எண்ணத்தில் வந்த பதில் இல்லை. சின்ன வயதிலிருந்து அந்தக் கேள்விக்கு இரண்டு சுற்று உண்டு. மான்ட்ரியல் என்று சொன்னால், கேட்டவர் சிரித்துக்கொண்டே, இல்லை, நிஜமாக எந்த ஊர் என்று மறுபடி கேட்பார். இரண்டாவது பதிலைச் சொன்னால்தான் விடுவார். நகரப் பேருந்து ஓட்டத் தொடங்கிய பிறகு தினமும் யாராவது ஒரு பயணி கேட்பதால், அவள் முதல் பதிலைச் சொல்வதையே விட்டுவிட்டாள். நேராக இரண்டாவதுக்குப் போய்விடுவாள். நேரம் மிச்சம்.

ஓடிலிடம் சொல்லி அட்டையை மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். ஓடில் அப்போது பூ கொண்டுவந்தவனோடு வாதாடிக்கொண்டிருந்தாள். அப்புறம் கண்ணாடிக் கோப்பைகள் வந்தன. அப்புறம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களில் ஒரு வெள்ளை முடிக்காரர் அவளிடம் வந்து, ஜக்மெலில் உங்கள் குழந்தைப் பருவம் எப்படி இருந்தது என்று மரியாதையாகக் கேட்டார். நதேஜ் ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு, விடிவதற்கு முன்னால் கிணற்றடியில் வரிசை நிற்பதைப் பற்றிச் சொன்னாள். அது அம்மாவின் கதை. "அம்மா" என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டாள். அடுத்தவர் கேட்டபோது அவ்வளவு தயக்கம் இல்லை. மூன்றாவது ஆளுக்குச் சொன்னபோது கிணற்றுக் கயிறு தன் உள்ளங்கையை அறுத்த மாதிரியே இருந்தது.

ஒரு வாரத்தில் பத்திரிகையில் விமர்சனம் வந்தது. பாதிப் பக்கம். அந்த வெளிச்சத்தில் கண் திறந்த ஒருவரால்தான் இப்படி நிழல் விழ வைக்க முடியும், இதை எந்தப் பள்ளியிலும் கற்றுக்கொள்ள முடியாது என்று எழுதியிருந்தார்கள். நதேஜ் அதை வண்டி கடைசி நிறுத்தத்தில் நின்ற ஏழு நிமிடத்தில் இரண்டு முறை படித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை இல்லை என்று அவள் பிற்பாடும் சொன்னதில்லை. பதினைந்து வருடமாகக் காலை ஷிப்டு முடித்துவிட்டு, மத்தியானம் இரண்டு மணியிலிருந்து இருட்டும்வரை வரைந்தவளுக்கு, முதல்முறையாக ஒருவர் பாதிப் பக்கம் எழுதியிருக்கிறார். நவம்பர் முடிவதற்குள் ஒன்பது படங்கள் விலைபோயின.

அட்டையைப் பற்றி ஓடிலிடம் பேச அப்புறம் எந்த நாளும் சரியான நாளாக அமையவில்லை.

அம்மா இமாகுலாவுக்கு எழுபத்தொரு வயது. முப்பது வருடம் முதியோர் இல்லத்தில் மற்றவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, படுக்கை மாற்றி ஓய்வு பெற்றவள். பத்திரிகை வாங்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் ஹைத்திக்காரர்களின் கிரெயோல் மொழி வானொலி காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு நாள் அறிவிப்பாளர், ஜக்மெல் மண்ணில் பிறந்த நம் சகோதரி நதேஜ் பொசில் என்று ஆரம்பித்து விமர்சனத்தை முழுக்க வாசித்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நதேஜ் அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். அம்மா வாழைக்காயைத் தட்டையாக நசுக்கிப் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. தட்டை மேஜையில் வைத்தாள். கூடவே வைக்கும் காரமான முட்டைக்கோஸ் ஊறுகாயை வைக்கவில்லை. நதேஜ் எழுந்து போய் தானே ஜாடியை எடுத்து வந்தாள். அதற்கப்புறம்தான் அம்மா உட்கார்ந்தாள்.

"உன்னைப் பெத்தது யாரு?"

"என்னம்மா கேள்வி இது."

"கேக்குறேன்ல. யாரு?"

"நீதான்."

"எங்க வச்சுப் பெத்தேன்?"

நதேஜுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அட்டை எழுதியது தான் இல்லை என்று சொல்லத் தொடங்கினாள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"விமானத்துல வந்து இறங்கி மூணு வாரம். ஜனவரி. என் கால்ல கிடந்தது துணி ஷூ. வலி எடுத்தப்ப வெளிய பனிப்புயல், டாக்ஸிக்காரன் ஒருத்தனும் வரல. கீழ் வீட்டு இத்தாலியக்காரி அவ கோட்டைக் கழட்டி எனக்கு மாட்டி விட்டா. அவ புருஷன் ரொட்டிக்கடை வேன்ல என்னைப் படுக்க வச்சுக் கொண்டுபோனான். ரொட்டி வாசனை இன்னிக்கும் எனக்கு வயித்தைக் கலக்கும். பத்தொன்பது மணி நேரம் வலி, பிள்ளே. நர்ஸ் பேசுன பிரெஞ்சு எனக்குப் புரியல. நான் கத்துனது அவளுக்குப் புரியல. அத்தனையும் தூக்கி நீ ஜக்மெலுக்குக் குடுத்துட்ட. ஜக்மெல் அன்னிக்கு என்ன பண்ணுச்சு? தூங்கிக்கிட்டு இருந்துச்சு."

நதேஜ் சாப்பிடாமல் இருந்தாள். அம்மாவின் ஊரைத் திருடிக்கொண்டதற்காக அம்மா கோபப்படுவாள் என்றுதான் அவள் பயந்திருந்தாள். அம்மாவின் கணக்கே வேறாக இருந்தது.

"எங்க ஊரை நீ வரையறது எனக்குப் பெருமைதான். தப்புத் தப்பா வரைஞ்சாலும் பெருமைதான். ஆனா அங்க பிறந்தேன்னு சொல்லாத. நான் வயித்துல உன்னை வச்சுக்கிட்டு விமானம் ஏறினதே நீ இங்க பிறக்கணும்னுதான். அதை அழிக்கச் சொல்லிட்டியா?"

நதேஜ் ஊறுகாயைத் தட்டில் எடுத்து வைத்தாள். அம்மா ஊறுகாய் ஜாடியை மூடி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை, விலைபோன படங்களின் பின்பக்கம் கையெழுத்துப் போட வரச் சொல்லி ஓடில் அழைத்திருந்தாள். நதேஜ் போனபோது ஓடில் உள்ளறையில் போனில் இருந்தாள். கூடத்தில் ஒரே ஒருவர் நின்று படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வேலை உடை, கையிலும் காலிலும் பளபளக்கும் பட்டைகள், பெரிய பூட்ஸ். பூட்ஸைக் கழற்றி வாசல் மிதியடியில் வைத்துவிட்டுக் காலுறையோடு நின்றார். பனி தள்ளும் குழுவில் வேலை செய்கிறவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவர் அவளைப் பார்த்துக் கிரெயோலில் வணக்கம் சொன்னார். பெயர் வில்னர் எஸ்திமே. வானொலியில் கேட்டுத்தான் வந்ததாகவும், தனக்கும் ஜக்மெல்தான் என்றும் சொன்னார்.

"ஜக்மெல்ல எந்தப் பக்கம், தங்கச்சி?"

"சந்தைக்குப் பின்னால," என்றாள் நதேஜ். அம்மா அப்படித்தான் சொல்வாள்.

"நம்ம பக்கம்தான். எந்த பொசில்? பள்ளிக்கூட பொசிலா, காபி மூட்டை பொசிலா?"

அவளுக்குத் தெரியவில்லை. அம்மா அதைச் சொன்னதே இல்லை, அல்லது அவள் கேட்டதே இல்லை. வில்னர் காத்திருந்தார். பிறகு காத்திருப்பதை நிறுத்திவிட்டார். முகத்தில் கோபம் எதுவும் வரவில்லை. தெரிந்த தெருவில் நடந்துபோகிறவர் ஒரு வீடு இடிந்திருப்பதைப் பார்ப்பது போலப் பார்த்தார். நதேஜ் தரையைப் பார்த்துக்கொண்டே, நான் இங்கேதான் பிறந்தேன் என்றாள்.

"அது எனக்கு முன்னாடியே தெரியும்," என்றார் வில்னர்.

சந்தைப் படத்துக்கு முன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். கிரெயோலில், அவசரமில்லாமல் பேசினார். "இது என்ன நேரம்? மத்தியானம்தானே? எல்லாரும் சாப்பிடுறாங்க. இந்தப் பொம்பளையோட நிழலைப் பாரு. அவளைவிட ரெண்டு மடங்கு நீளம். எங்க ஊர்ல மத்தியானம் நிழலைத் தேடணும், தங்கச்சி. காலுக்கடியில சுருண்டு கிடக்கும், நாய் மாதிரி. அப்புறம் இது நீலமா இருக்கு. மண்ணு மேல விழற நிழல் நீலமா இருக்காது. பனி மேல விழுந்தாத்தான் நீலம். இது ஜனவரி மாச வெயில். உங்க ஊர் வெயில்."

நதேஜ் தன் படத்தையே முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தாள். அவர் சொன்னது சரி. பதினைந்து குளிர்காலமாக மத்தியானம் இரண்டு மணிக்குமேல் தூரிகை எடுத்தவள். வேலை அறையின் மேற்கு ஜன்னலில் தாழ வந்து விழும் வெயிலைத் தவிர வேறு வெயிலை வைத்து அவள் வரைந்ததில்லை. வாழைக்குலைக்கும் வாளிக்கும் பால்கனிக்கும் அதையே ஊற்றியிருக்கிறாள். அந்த வெளிச்சத்தில் கண் திறந்தவர் என்று விமர்சகர் எழுதியதும் பொய்யில்லை. ஊர்தான் மாறிவிட்டது.

"அப்ப படம் தப்பா?" என்று கேட்டாள்.

"தப்புன்னு யாரு சொன்னா? நல்லா இருக்கு. அதான் பூட்ஸைக் கழட்டிட்டு இவ்வளவு நேரம் நிக்கறேன்."

பிறகு அவர் தன் போனை எடுத்துக் காட்டினார். எட்டு வருடத்துக்கு முன்னால் அமெரிக்கா வழியாக வந்து, எல்லையில் ஒரு வாய்க்காலைத் தாண்டி நடந்து நுழைந்தவர் அவர். கோடையில் வீடுகளுக்குச் சுண்ணாம்பும் பெயின்டும் அடிப்பார். குளிர்காலத்தில் பனி வேலை. மீதி நேரத்தில் படம் வரைவார். போனில் இருந்தவை எல்லாம் பனிதான். தெருவை அடைத்துக்கொண்டு லாரிக்குள் பனியை உமிழும் பெரிய வண்டி, அதன் தலையில் சுழலும் மஞ்சள் விளக்கு. வெளிச்சுவரில் வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு, ஒவ்வொரு படியிலும் தலையணை மாதிரி பனி. மண்வாரியோடு தன் காரைத் தோண்டி எடுக்கும் ஒரு பெண். தோண்டுவது தன் கார்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்ட முகம். நதேஜ் போனைத் தன் கைக்கு வாங்கி முதல் படத்துக்குத் திரும்பிப் போனாள். நல்ல படங்கள் என்றால் அவள் இரண்டு முறை பார்ப்பாள். பொறாமையும் சேர்ந்தால் மூன்றாவது முறையும் பார்ப்பாள்.

இந்தப் படங்களை மூன்று காலரிகளில் காட்டியிருக்கிறார். இந்த இடமும் அதில் ஒன்று. எல்லா இடத்திலும் நன்றாகத்தான் பேசினார்கள், காபி கொடுத்தார்கள், உங்கள் ஊரைப் பற்றி ஏதாவது வரைந்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள்.

"உனக்கு எங்க ஊரைக் குடுத்துட்டாங்க," என்றார் வில்னர். "எனக்கு உங்க பனியைக் குடுக்க மாட்டேங்கறாங்க. அதைத் தள்ளுறது மட்டும் நான் தள்ளலாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நதேஜுக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. இதை யாரிடமாவது சொல்லப்போகிறீர்களா என்று கேட்டாள். எனக்கு வேறு வேலை இல்லையா, மாலை ஆறு மணிக்குப் பனி வருமாம் என்றார். வாசலில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு, தன் நம்பரை அவள் போனில் தானே அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜனவரி நடுவில் ஒரு அருங்காட்சியகத்திலிருந்து ஜுடித் என்ற பெண் வந்தாள். கண்காட்சி முடியப்போகிற வாரம். சந்தைப் படத்துக்கு முன்னால் இருபது நிமிடம் நின்றாள். ஹைத்தியில் பிறந்து இந்த நாட்டில் குடியேறிய ஓவியர்களின் படங்களை வாங்கவென்று ஒரு மருத்துவர் தன் உயிலில் பணம் ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறார். அதில் முதல் படமாக இதை வாங்க விரும்புகிறோம் என்றாள். மூவரும் உள்ளறையில் உட்கார்ந்தார்கள். ஒரு படிவம் இருந்தது. கூடவே பிறப்புச் சான்றிதழின் நகல் ஒன்றும் வேண்டும்.

நதேஜ் படிவத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த ஓடில், உதவி செய்கிற எண்ணத்தில்தான், ஜுடித்திடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சான்றிதழ் இல்லாம இருக்கலாம். ரெண்டாயிரத்துப் பத்து நிலநடுக்கத்துல அங்க நிறையப் பேருக்குக் காகிதமெல்லாம் போயிடுச்சு. ஒரு கடிதம் எழுதிக் குடுத்தாப் போதும் இல்லையா?"

போதும் என்றாள் ஜுடித். அதற்கு ஏற்பாடு உண்டாம்.

அந்த நிலநடுக்கத்தில் நதேஜின் கடைக்குட்டிச் சித்தி செத்துப்போனாள். தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவள் மேல் சுவர் விழுந்தது. அம்மா அப்போது பதினோரு நாள் போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. முதியோர் இல்லத்தில் ஒரு கையால் கிழவிகளுக்குச் சோறூட்டிக்கொண்டு மறு கையால் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வரித் தப்பை நான்கு மாதம் சுவரில் விட்டுவைத்தது வேறு. அந்த இடிபாட்டுக்குள் போய் இல்லாத காகிதத்துக்குச் சாட்சி தேடுவது வேறு. நதேஜுக்கு இந்த வித்தியாசத்தை யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. கை தானாகப் படிவத்தை மேஜைமேல் வைத்துவிட்டது.

"எங்கிட்ட சான்றிதழ் இருக்கு," என்றாள். "நான் மான்ட்ரியல்ல பிறந்தேன்."

ஓடில் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "நான் கேட்டேன். நீங்கதான் ஜக்மெல்னு சொன்னீங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை.

"எந்த ஊர்னு கேட்டீங்க. எங்க பிறந்தீங்கன்னு கேக்கல. ஆனா அட்டையை நான் முதல் நாளே படிச்சேன். அப்புறம் வந்தப்பல்லாம் படிச்சேன். அது என் தப்புதான்."

ஜுடித்துக்கு உண்மையிலேயே வருத்தம். படம் மாறவில்லையே, அரை மணி முன்னால் இருந்த அதே படம்தானே என்று அவளே சொன்னாள். ஆனால் உயிலில் எழுதியதை மீற முடியாது என்றாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது நதேஜ் அவளை நிறுத்திக் கேட்டாள்.

"உங்க உயில்ல, ஓவியர் எங்க பிறந்திருக்கணும்னு இருக்கு. படத்துல என்ன இருக்கணும்னு ஏதாவது இருக்கா?"

ஜுடித் காகிதத்தைத் திறந்து படித்தாள். இல்லை.

"அப்ப ஜக்மெல்ல பிறந்த ஒருத்தரை எனக்குத் தெரியும்," என்றாள் நதேஜ். வில்னரின் பெயரைச் சொல்லி, நம்பரை எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெயரைக் கேட்டதும் ஓடில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அட்டையை ஓடில் அன்றே மாற்றிவிட்டாள். படம் வாங்கியவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினாள். ஒருவர் மட்டும் படத்தைத் திருப்பி அனுப்பினார். மற்றவர்கள் பதிலே போடவில்லை. அடுத்த கண்காட்சி பற்றிய பேச்சை ஓடிலும் எடுக்கவில்லை, நதேஜும் எடுக்கவில்லை. வானொலியில் இரண்டு நாள் கேலி நடந்தது. மூன்றாவது நாள் வேறு யாரோ மாட்டிக்கொண்டார்கள். பேருந்துப் பணிமனையில் ஒரு டிரைவர் அவளை, "ஜக்மெல், டீ குடிச்சிட்டியா?" என்று ஒரு மாதம் கூப்பிட்டான். அதே விமர்சகர், ஆறு வரியில், மறுபடி பார்க்கும்போது அந்த வெளிச்சத்தில் ஏதோ கேட்டுத் தெரிந்துகொண்ட தன்மை இருப்பதாக எழுதினார். அது மட்டும் அவளுக்கு வலித்தது. அந்தப் படங்களில் அவள் யாரையும் கேட்காமல் தானாகப் பார்த்தது அந்த வெளிச்சம் ஒன்றைத்தான்.

கண்காட்சியின் கடைசி நாளன்று அம்மா வந்தாள். சர்ச்சுக்குப் போடும் தொப்பி, இரண்டு பேருந்து மாறி. படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் நேராக அட்டைக்குப் போனாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்கப் படித்தாள்.

"ஆஸ்பத்திரி பேரைப் போடலையா?"

"அதெல்லாம் போட மாட்டாங்கம்மா."

"போட்டா என்னவாம்," என்றாள் அம்மா. அப்புறம்தான் படம் பார்க்கத் தொடங்கினாள். சந்தைப் படத்தில் மீன் விற்கிறவள் உட்கார்ந்திருக்கும் இடம் தப்பு, அங்கே உட்கார்ந்தால் அன்றைக்கே விரட்டிவிடுவார்கள் என்று சொன்னாள். வெயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது வருடத்தில் அவளுக்கும் பழகிவிட்டதோ என்னவோ.

வில்னரின் படங்களைப் பற்றி அருங்காட்சியகக் குழு இரண்டு கூட்டத்தில் சண்டை போட்டது என்று ஜுடித் பிறகு சொன்னாள். ஒருவர், இதில் ஹைத்தி எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். இன்னொருவர், உயிலைப் படித்துக் காட்டுங்கள் என்றாராம். ஏப்ரலில் கடிதம் வந்தது. பனி உமிழும் வண்டிப் படத்தை வாங்கிக்கொள்கிறார்கள். வில்னர் முதலில் கூப்பிட்டது நதேஜை. அவள் மனதார வாழ்த்தினாள். போனை வைத்துவிட்டு, ஏற்கனவே கழுவி வைத்த தூரிகைகளை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். வாழ்த்தியதும் பொறாமைப்பட்டதும் இரண்டும் உண்மைதான். அன்று அவள் ஒன்றும் வரையவில்லை. மறுநாள் வரைந்தாள். ஜக்மெல் தபால் நிலையப் படிக்கட்டு; பெரிய சித்தியின் விவரிப்பு. பனிக்கு மாறலாமே என்று அவளுக்குத் தோன்றக்கூட இல்லை. அது வில்னரின் வேலை.

செப்டம்பரில் படம் அருங்காட்சியகச் சுவரில் ஏறியது. வில்னர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சட்டையின் மடிப்புக் கோடு இன்னும் போகவில்லை. நதேஜ் பக்கத்தில் நின்றாள். படத்துக்கு அருகே அட்டை, அதில் "ஜக்மெல், ஹைத்தி" என்று இருந்தது. வயதான ஒரு பெண்மணி அட்டையைப் படித்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் படித்தாள். வரைந்தவர் நீங்கள்தானா என்று கேட்டுவிட்டு, வில்னரின் கையைப் பற்றிக்கொண்டாள். அந்த வண்டியின் தலையில் எரியும் மஞ்சள் விளக்கைக் காட்டி, இவ்வளவு குளிருக்கு நடுவிலும் உங்கள் ஊர்ச் சூரியனைக் கொண்டுவந்து வைத்துவிட்டீர்களே என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. வில்னர் தலையை ஆட்டினார். ஆமாம் அம்மா, ரொம்ப நன்றி என்றார்.

வெளியே படிக்கட்டுக்கு வந்ததும் நதேஜ் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அது நகராட்சி விளக்குண்ணா. பேட்டரில எரியுது. எதுக்கு ஆமான்னு சொன்னீங்க?"

"அந்தம்மா ரொம்ப சந்தோஷமா இருந்தாங்க."

"அதுக்காக?"

"நீ நாலு மாசம் சும்மா இருந்த, தங்கச்சி. நான் ஒரு நிமிஷம் இருக்கக் கூடாதா?"

நதேஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தமுறை நடுவில் நிற்கவில்லை. பசிக்கிறது என்றார் வில்னர். தெரிந்த இடத்தில் பொரித்த பன்றியிறைச்சி நன்றாக இருக்கும், நாலு மணிக்குள் போனால்தான் கிடைக்கும் என்றாள் நதேஜ். இருவரும் மெட்ரோவைப் பார்த்து நடந்தார்கள்.